அரை டெசிபல்

என் காதைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வது அழகில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வாயிலிருந்து ஒரு நாளும் அந்தப் பெருமை வந்ததில்லை. நானும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் பாடவிட்டு, இரண்டின் சத்தத்தையும் மீட்டர் கீட்டர் எதுவும் இல்லாமல் வெறும் காதால் சமமாக வைப்பவள் நான். இருபத்திரண்டு வருடமாக என் கடையில் அப்படித்தான் நடக்கிறது.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு பெட்டியின் சத்தத்தை மயிரிழை கூட்டி வைத்தால், கேட்கிறவருக்கு சத்தம் கூடியிருக்கிறது என்று தோன்றாது. தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது, பாடகி பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றெல்லாம் தோன்றும். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். எதைத் தள்ளிவிட வேண்டுமோ அதன் குமிழை ஒரு அரை டெசிபல் தூக்கி வைப்பார்கள். வாங்க வந்தவர் தன் சொந்தக் காதால் தேர்ந்தெடுத்ததாக நினைத்து சந்தோஷமாகக் கிளம்பிப் போவார். அந்த வேலையை நான் செய்ததில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு தலை நிமிர்ந்து திரிந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு வந்தவர் ஒரு டாக்டர். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். முப்பது வருடம் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கருவி போடும் ‘பீப்’ சத்தத்தைக் கேட்டே காலம் தள்ளியவர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த பீப்பின் சுருதி இறங்குமாம். திரையைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிடுமாம்.

“இத்தனை வருஷமும் பயந்து பயந்து கேட்டாச்சு. ரிட்டையர் ஆனதுக்கப்புறம் சந்தோஷமா கேக்கணும்,” என்றார், அதற்குச் சில வாரம் முன்னால் கடைக்கு வந்த முதல் நாளே. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

முதல் நாள் அவர் நேராகப் போய் நின்றது கடையிலேயே உயரமான ஸ்பீக்கரின் எதிரில். எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். ஹாலின் நீள அகலத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அறையைப் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற கதை. ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டு தட்டினேன். கைதட்டல் இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிர்ரென்று இழுத்தது. “முதல்ல கீழ கனமா ஒரு கம்பளம் போடுங்க. அந்தப் புத்தக அலமாரிய இந்தச் சுவருக்குக் கொண்டுவாங்க. அப்புறம் கடைக்கு வாங்க டாக்டர்,” என்றேன். வேறு யாராவது என்றால் முகம் சுளித்திருப்பார்கள். அவர் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்துவிட்டு வந்து நின்றார்.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்து, ஐந்து ஜோடிகள் கேட்டு, இடுப்பளவு உயரத்தில் அடர்ந்த மரநிறத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தார். சரியான தேர்வு. மனிதக் குரலுக்கு அதைவிட நல்லது என் கடையில் கிடையாது. ஒரே ஒரு குணம்தான் அதற்கு: பசி அதிகம். அடித்தொண்டைச் சத்தங்கள் வரும்போது ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்சாரத்தை அப்படி இழுக்கும். சோப்ளாங்கி ஆம்ப்ளிஃபயராக இருந்தால் மூச்சு வாங்கிவிடும். ஆகவே அடுத்த வேலை, அதற்கு ஈடு கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரைப் பிடிப்பது.

கைவசம் இரண்டு இருந்தன. ஒன்று எனக்குத் தெரிந்த பெட்டி. கடல் கடந்து வருவது, பத்து வருடமாக நான் விற்பது, பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்து தள்ளியது. இன்னொன்று என் தம்பி செய்தது.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருப்புளி என்றுதான் கூப்பிடுவோம். என் கல்யாணத்தன்று மேடை மைக் கீச்சென்று கத்தியது என்று அதைக் கழற்ற ஆரம்பித்தவன், கடைசி விருந்தாளி கிளம்புகிற வரைக்கும் அதை மாட்டவில்லை. ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் எங்கள் இருவருக்கும் பின்னால் அவன் முதுகு தெரியும். அப்படிப்பட்டவன் நான்கு வருடமாக, அவன் பெண்டாட்டியின் இஸ்திரி மேசையைப் பறிமுதல் செய்து வைத்துக்கொண்டு, ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தான். மூன்று தடவை முடித்து, மூன்று தடவை பிரித்துப் போட்டான். நான்காவதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

“கேட்டுச் சொல்லுக்கா,” என்றான். நான் ஒரு பாட்டைப் போட்டு, போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே கேட்டுவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு,” என்றேன். கூடப்பிறந்தவன் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் சொல்வோமே, அந்த ‘நல்லாத்தான்டா’.

அவன் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றினான். பிறகு, “அந்த டாக்டருக்கு இதையும் போட்டுக் காட்டு. யார் செஞ்சதுன்னு சொல்லாத. அவங்க வேண்டாம்னு சொன்னாங்கன்னா பிரிச்சிடறேன். நாலு வருஷம் போதும்,” என்றான். வெறும் வாய்ப்பேச்சு பேசுகிறவன் இல்லை அவன். பிரித்துவிடுகிறேன் என்றால் அன்றைக்குச் சாயங்காலமே பிரித்துவிடுவான். அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் போர்வையால் மூடினேன். என் கடையில் கண்ணுக்கு வேலை கிடையாது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு, அவ்வளவுதான். நடுவில் ஸ்விட்ச் பெட்டி. அதில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு குமிழ். மழை பெய்கிற மாதிரி ஸ்ஸ் என்று ஒரே சீராக ஒரு ஒலி இருக்கிறது, அதைப் போட்டுத்தான் சமன் செய்வேன். செய்து முடித்தேன். அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். வாசலில் டாக்டரின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தம்பி மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தச் சட்டையைப் பார்த்ததும் என் விரல் இரண்டாம் குமிழை, தம்பி பெட்டியின் குமிழை, ஒரு பொட்டு அளவு தூக்கிவிட்டது. தானாகத் தூக்கியது என்று சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். நான்தான் தூக்கினேன்.

டாக்டர் உட்கார்ந்து மூன்று இசைத்தட்டுகள் கேட்டார். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், “இரண்டாவதுதான். சந்தேகமே இல்ல. அவ்வளவு தெளிவு,” என்றார். அப்போது பார்த்து அவர் போன் அடிக்க, பேசிக்கொண்டே வெளியே போனார்.

தம்பி சிரிப்பான், குதிப்பான், குறைந்தபட்சம் என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் நேராக ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்க் குந்தினான். பையிலிருந்து மீட்டரை எடுத்து அதன் முனைகளை ஸ்பீக்கர் வயரில் வைத்தான்.

“அந்த ஸ்ஸ் சத்தத்தப் போடுக்கா.”

“எதுக்குடா இப்ப?”

“போடேன்.”

போட்டேன். “ஒண்ணு,” என்றான். மாற்றினேன். “ரெண்டு,” என்றான். மாற்றினேன். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். முதலாவதுக்கு 2.83 வோல்ட் வந்திருந்தது. இரண்டாவதுக்கு 3.00.

“அரை டெசிபல்,” என்றான்.

“குமிழ் லூசாகியிருக்கும்டா.”

“போன மாசம் புதுசு போட்டவனே நான்தான்.”

“சரி, ஒரு தடவ கை தவறியிருக்கும். அதுக்கு இப்ப என்ன?”

அவன் எழுந்து நின்றான். கோபமாக இருந்தால் நானும் பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான். “என் பெட்டி மேல உனக்கு நம்பிக்கை இல்லயாக்கா?”

உனக்காகத்தான்டா செய்தேன் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. உனக்காக என்றால் என்ன அர்த்தம்? நேராக நின்றால் நீ தோற்பாய் என்று அர்த்தம். நாலு வருட உழைப்பை ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்காமலேயே தோற்றுவிடும் என்று முடிவுகட்டியிருக்கிறேன். அக்காவாம் அக்கா.

டாக்டர் உள்ளே வந்தார். எனக்கு முன்னால் தம்பி பேச ஆரம்பித்தான். “டாக்டர், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. ரெண்டாவதுக்கு சத்தம் கொஞ்சம் கூட வந்திருக்கு. வயர் மாட்டினது நான்தான், என் தப்பு...”

“அவன் இல்ல, டாக்டர்,” என்றேன். “நான்தான் கூட்டி வச்சேன். வேணும்னேதான். ரெண்டாவது இவன் செஞ்சது. இவன் என் கூடப்பிறந்த தம்பி.”

டாக்டர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “எங்க ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு நம்பர மாத்திச் சொல்றவங்கள நான் அடுத்த நாள் உள்ள விடமாட்டேன்,” என்றார்.

“சரிதான் டாக்டர்.”

“அந்த ஸ்பீக்கரும் நீங்க வச்சுக் காட்டினதுதான். அதுல?”

“அதுல இல்ல. இதுக்கு முன்னாடி எப்பவுமே இல்ல.”

“அத நான் எப்படி நம்புறது?”

கையும் களவுமாகப் பிடிபட்டவள் முதல் தடவைதான் என்று சொன்னால், நானே நம்ப மாட்டேன். இருபத்திரண்டு வருடம் கட்டிக் காப்பாற்றிய பெயர் இந்த அறையை விட்டு இவர் கூடவே நடந்து போகப்போகிறது என்று தெரிந்தது.

தம்பி போனை எடுத்தான். எதையோ தேடி எடுத்து டாக்டரின் கையில் கொடுத்தான். “தள்ளித் தள்ளிப் பாருங்க டாக்டர். எல்லாமே இந்தக் கடைதான். ஸ்விட்ச் பெட்டி சர்வீஸ் பண்ண வர்றப்பல்லாம், அக்கா முந்தின நாள் யாருக்காவது சமன் பண்ணி வச்சிருப்பாங்க. அத மீட்டர் வச்சுப் பார்த்து போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஆறு வருஷமா.”

டாக்டர் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மீட்டரின் முகம், ஜோடி ஜோடியாக. 2.83, 2.84. அடுத்தது 2.40, 2.40. அதற்கடுத்தது 3.10, 3.12. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஆறு வருஷமா என்னை வேவு பார்த்தியாடா?”

“வேவு இல்லக்கா. லிஃப்ட் ஒரு மில்லிமீட்டர் தப்பி நின்னா எனக்குக் கருவிதான் சொல்லும். மனுஷக் காது அவ்வளவு சொல்லுமான்னு பார்த்தேன். சொல்லுது. எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன், எங்க அக்கா காதுன்னு.” பிறகு டாக்டரிடம் திரும்பினான். “அதனாலதான் டாக்டர், மூணு வோல்ட்டப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. அக்காவுக்குக் கை தவறாது. வேணும்னு செஞ்சாத்தான் உண்டு.”

இதைவிட மோசமாக யாரும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. இதைவிடப் பெரிதாக யாரும் என்னைத் தூக்கி வைத்ததும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு, அவன் பாட்டுக்கு மீட்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலவும் இருந்தது.

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். “சரி. இப்ப என் எதிர்ல வைங்க. மீட்டர தம்பி பார்க்கட்டும். வாயத் திறக்கக் கூடாது.”

இரண்டு குமிழ்களையும் முழுக்க இறக்கினேன். ஸ்ஸ் ஒலியைப் போட்டேன். பரீட்சைக்கு உட்கார்ந்தவள் போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஒன்றை ஏற்றினேன், மாற்றினேன், இரண்டை ஏற்றினேன். கொஞ்சம் கூட. இறக்கினேன். கொஞ்சம் குறைவு. அவசரப்படவில்லை. ஒரு கட்டத்தில் ஸ்விட்சை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான் என்று காது சொன்னது. கையை எடுத்தேன்.

டாக்டரே எழுந்து போய்ப் பார்த்தார். 2.83, 2.84. “ம்,” என்றார். அந்த ‘ம்’ எனக்குப் போதும்.

“நீங்களும் என் பக்கத்துல உக்காருங்க,” என்றார். “தம்பி, போர்வைக்குள்ள எது எங்கன்னு நீங்க மாத்தி மாட்டுங்க, எங்களுக்குத் தெரிய வேண்டாம். இவ்வளவு நல்ல காது வச்சிருக்கீங்களே, இவர் பெட்டிய நீங்க ஒரு தடவையாவது உக்காந்து கேட்டிருக்கீங்களா?”

“இல்ல டாக்டர்,” என்றேன். அதைச் சொல்லும்போது தம்பியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

நாங்கள் இருவரும் வாசலில் போய்த் திரும்பி நின்றோம். அவன் வயர்களை மாற்றி, குமிழ்களையும் அவற்றின் பெட்டிக்கு ஏற்ப மாற்றி, மீட்டரால் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுக் கூப்பிட்டான். ஸ்விட்சை அவனே எடுத்துக்கொண்டான். ஆளுக்கொரு துண்டுத்தாள். முதலில் ஒரு பெண் குரல், துணைக்கு ஒரே ஒரு பியானோ. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது.” எனக்கும்தான். காலையில் சந்தேகமே இல்லை என்று சொன்ன அந்தத் தெளிவு போன இடம் தெரியவில்லை.

அடுத்தது ஒரு செல்லோ. அதன் அடியில் எப்போதாவது விழும் ஒரு பெரிய டிரம். இங்கேதான் அந்த ஸ்பீக்கருக்குப் பசி எடுக்கும். ‘இரண்டு’ ஓடும்போது டிரம் விழுந்தது, நன்றாகவே விழுந்தது, பிறகு ஒரு சின்ன உறுமலாகச் செல்லோவின் காலடியில் கொஞ்சம் தங்கியது. ‘ஒன்று’ ஓடும்போது டிரம் விழுந்தது, நின்றது. செல்லோ தனியாக நின்றது. அந்த இடத்தில் அறை எவ்வளவு அமைதியாக இருந்தது என்றால், செல்லோக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அப்படித்தான். எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தம்பியுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்படக்கூடப் பயந்தேன்; ஆசைப்பட்டால் காது கெட்டுவிடும். கேட்டதை எழுதினேன்.

டாக்டரின் தாளில் ‘ஒன்று, கொஞ்சம்தான்’ என்று இருந்தது. என் தாளில் ‘ஒன்று’. தம்பி இரண்டு தாள்களையும் வாங்கி, அடுத்தடுத்து வைத்துப் பார்த்தான். மறுபடி முதலாவதைப் பார்த்தான். பிறகு போர்வையின் ஒரு ஓரத்தைத் தூக்கினான்.

“ஒண்ணு என்னோடது,” என்றான்.

அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்குக் கண்ணே மறைத்தது. நான் திருட்டுத்தனமாகக் கொடுத்த அரை டெசிபல் என் தம்பிக்குத் தேவையே இல்லை. எவன் பெட்டியோடும் சரிக்குச் சமமாக நின்று ஜெயிப்பான் அவன். அது தெரியாமல் ஊரிலேயே நல்ல காது என்று பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“எனக்கு இதுதான் வேணும்,” என்று டாக்டர் எழுந்தார். “வீட்ல வச்சுக் குடுக்க ரெண்டு பேரும் வாங்க. மீட்டரும் வரட்டும்.” வாசல் வரை போனவர் திரும்பி, “நீங்களும் இனிமே தம்பி கொண்டுவர்றத உக்காந்து கேளுங்க,” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சொல்ல வேண்டியவர் சொன்னார், வாங்கிக்கொண்டேன்.

தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “எந்த இடத்துலக்கா?” என்றான்.

சொன்னேன். டிரம் நின்ற விதம், செல்லோ தனியாக நின்றது, மூச்சுச் சத்தம். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். “அந்த டிரம்ம நிறுத்தறதுக்கே மூணாவது வருஷம் முழுக்கப் போச்சு,” என்றான். “நீ கண்டுபிடிப்பன்னு தெரியும்.” நான்கு வருடமாக அவன் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். ‘நல்லாத்தான்டா’ என்று ஒரு வார்த்தையில் அன்றைக்கு நான் விரட்டிவிட்டதும் இதைத்தான்.

“மூணு வோல்ட்டையும் போட்டோ எடுத்தியா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. மனசு வரல.”

“எடுத்திருக்கணும். நல்லத மட்டும் சேர்த்து வச்சா அது கணக்கா? மீட்டர எடு.”

வேண்டாம் என்றான். நான் விடவில்லை. வயர்களைப் பழையபடி மாட்டச் சொல்லி, ஸ்ஸ் ஒலியைப் போட்டு, காலையில் என் விரல் செய்த காரியத்தை மறுபடி செய்தேன். அவன் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தபோது தூக்கினேனே, அதே பொட்டு அளவு, ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “இப்ப எடு. இதையும் உங்க ஆபீஸ்ல காட்டு, எங்க அக்கா ஒரு நாள் இப்படியும் செஞ்சான்னு.”

அவன் குனிந்து மீட்டரைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தான்.

“அச்சு அசலா மூணுதான்க்கா,” என்றான்.

இருக்காதா பின்னே.